நாற்பது விநாடி ஹம்மிங்

நேர்மையாக இருந்தே தீருவேன் என்று நான் எப்போதும் பிடிவாதம் பிடித்ததில்லை. படிவத்தில் ஒரு கட்டம் காலியாக இருந்தது. காலியாக விட்டால் நன்றாக இருக்காதே என்று நிரப்பினேன். அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் அந்தக் கட்டத்தால் வந்தது.

நான் தனியாளாக வீடியோ எடுத்துக் கொடுப்பவன். விசிட்டிங் கார்டில் 'நிறுவனம்' என்று போட்டிருக்கும். நிறுவனம் என்பது எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையின் ஜன்னலோரப் பாதி. மறுபாதி என் மனைவியுடையது. அவள் ஒரு பல் டாக்டரிடம் வரவேற்பாளர். எதைக் கொடுத்தாலும் கடைசி வரி வரை படிக்கிற கெட்ட பழக்கம் அவளுக்கு உண்டு. எனக்குக் கிடையாது. நான் பயன்படுத்தும் ஒப்பந்தம்கூடக் கல்யாண வீடியோ எடுக்கும் நண்பனிடமிருந்து வாங்கியது. அவன் வேறு யாரிடமோ வாங்கினான். எங்கள் தொழிலில் ஒப்பந்தம் இப்படித்தான் கைமாறி வரும். வாடிக்கையாளர் பெயரை மட்டும் மாற்றிவிட்டு அனுப்பிவிடுவோம்.

இந்த முறை வாடிக்கையாளர் ஒரு பேச்சுப் பயிற்சி மையம். பக்கவாதத்தில் பேச்சு போனவர்களுக்கு அங்கே மறுபடி பேசக் கற்றுக்கொடுக்கிறார்கள். நடத்துகிறவரை எல்லோரும் டீச்சர் என்றே கூப்பிடுகிறார்கள். மையம் என்றால் ஓர் அறக்கட்டளைக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் இரண்டு அறைகள், அவ்வளவுதான். அந்த இரண்டையும் இடித்துவிட்டு அறங்காவலர்கள் தங்கள் கார்களை நிறுத்திக்கொள்ளலாம் என்று ஒரு தீர்மானம் தயாராக இருந்தது. மாதக் கடைசியில் பொதுக்குழு. அதற்கு முன் பன்னிரண்டு நிமிடப் படம் ஒன்றைப் போட்டுக் காட்ட டீச்சருக்கு அனுமதி கிடைத்திருந்தது. படம் அவர்களுக்குப் பிடித்தால் அறைகள் மிஞ்சும். பிடிக்காவிட்டால் கார்.

"ஏங்க, ஏழாவது விதியில 'மணமகள் அலங்காரம் தாமதமானால்'னு இருக்கு" என்றாள் மனைவி, டீச்சர் கையெழுத்துப் போட்டு அனுப்பிய ஒப்பந்தத்தைப் பார்த்துவிட்டு. "அந்த டீச்சருக்கு அறுபது வயசு."

"அதையெல்லாம் யாரு படிக்கப் போறா?"

"பதினொண்ணாவதுல, 'மண்டபத்தில் கூடியிருப்போர் தாமாகப் பாடினாலும், ஆடினாலும், சீட்டியடித்தாலும் ஒளிப்பதிவாளர் பொறுப்பல்ல'ன்னு வேற இருக்கு."

"நல்லதுதானே, இருந்துட்டுப் போகட்டும்."

படத்தின் உயிர் ஒரு பெரியவர். ஏழு மாதமாக ஒரு வார்த்தை வரவில்லை, வலது கையும் வரவில்லை. ஆனால் பேச்சு போனாலும் மெட்டு போகாதாம். மூளையில் இரண்டும் வேறு வேறு இடத்தில் இருக்கின்றன என்று டீச்சர் விளக்கினார். அதனால் நோயாளிக்கு நன்றாகத் தெரிந்த மெட்டை முதலில் ஹம்மிங் செய்ய வைத்து, அதன் வாலில் ஒரு சின்ன வார்த்தையைக் கட்டி இழுப்பார்கள். நான் கேமராவை வைத்துக்கொண்டு நின்ற அன்று பெரியவர் இடது ஆள்காட்டி விரலால் மேசையில் தாளம் தட்டிக்கொண்டு நாற்பது விநாடி ஹம்மிங் செய்தார். முடிவில் "தண்ணி" என்றார். அவருடைய மகள் பஸ் ஓட்டுகிறவர், சட்டென்று அழுகிற ஆள் இல்லை. அவர் தண்ணீர் எடுக்கப் போகிற சாக்கில் வெளியே ஓடிவிட்டார். வ்யூஃபைண்டரில் எனக்கும் ஒன்றும் தெரியவில்லை.

படம் முடிந்ததும் இசைப் பட்டியல் நிரப்ப வேண்டும். படத்தில் எந்த இசை, எத்தனை விநாடி, யாருடைய அனுமதி என்று எழுதி, வாடிக்கையாளர் ஒப்பந்தத்தையும் படத்தின் பிரதியையும் இணைத்து, மெட்டுரிமைக் காப்புக் கழகத்துக்கு அனுப்பினால் அவர்கள் ஒரு கடிதம் தருவார்கள். அந்தக் கடிதம் இல்லாமல் அறக்கட்டளை மண்டபத்தில் எதையும் திரையிட முடியாது. நான் படத்தில் இசையே சேர்க்கவில்லை. ஆனால் பட்டியலில் முதல் கட்டம் வெறுமையாக என்னைப் பார்த்தது. 'பெரியவரின் ஹம்மிங், 40 விநாடி' என்று எழுதினேன்.

"அறிவிருக்காடா?" என்றான் கல்யாண வீடியோ நண்பன். "'சுற்றுப்புறச் சத்தம்'னு போட்டிருந்தா முடிஞ்சுபோச்சு. கொசு, ஃபேன், தாத்தா எல்லாம் அதுலதான் வரும்."

பத்தாம் நாள் கழகத்திலிருந்து பதில் வந்தது. 'தங்கள் படைப்பில் நாற்பது விநாடி நேரம் மூடிய வாய்வழி இசைநிகழ்த்துகை இடம்பெற்றுள்ளமை தெரியவருகிறது. மேற்படி மெட்டு கழகத்தின் காவலில் உள்ளது. நிகழ்த்தியவர், தூண்டியவர், பதிந்தவர் ஆகிய மூவரும் விளக்கம் அளிக்கவும்.' தூண்டியவர் என்பது டீச்சர். பதிந்தவன் நான்.

கழகத்துக்கு போன் செய்தேன். 'உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியமானது' என்றது ஒரு குரல். பிறகு ஐம்பது நிமிடம் ஒரு கிளாரினெட் ஒலித்தது. போனை ஸ்பீக்கரில் போட்டு மேசையில் வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். எங்கேயோ கேட்ட மெட்டாக இருந்தது. பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த மனைவி கூடவே ஹம்மிங் செய்ய ஆரம்பித்த பிறகுதான் எனக்கு உறைத்தது. ஒன்பது நாள் உட்கார்ந்து நான் வெட்டி ஒட்டிய அதே பெரியவரின் மெட்டு.

பெரியவரின் மகளிடம் ஓடினேன். பஸ் டிப்போ வாசலில் நின்று சொன்னார்.

"அது அப்பா போட்டதுங்க. அவரு கிளாரினெட் வாசிச்சவரு. நான் பொறக்குறதுக்கு முன்னாடி ஒரு சோப்பு விளம்பரத்துக்குப் போட்டுக் குடுத்தாராம். அந்தக் கம்பெனியே இப்ப இல்ல. பேப்பர் கீப்பர் ஒண்ணும் வீட்ல கிடையாது. ஆனா தினம் குளிக்கும்போது அதைத்தான் பாடுவாரு."

எனக்குத் தலைகால் புரியவில்லை, அவ்வளவு சந்தோஷம். மெட்டுக்குச் சொந்தக்காரரே நம் படத்தில் இருக்கிறார். இனி என்ன பிரச்சினை?

கழகம் நான்காவது மாடியில் இருந்தது. கால் வைத்தால் சத்தம் கேட்காத கம்பளம். சுவரில் 'சீட்டியடிக்காதீர்' என்று ஒரு பலகை. துணை ஆணையர் ஒல்லியான, சுத்தமான மனிதர். காதில் ரிசீவரை வைத்துக்கொண்டு பக்கத்து அறைக்காக வெயிட்டிங்கில் இருந்தார். ரிசீவரிலிருந்து அதே கிளாரினெட் சன்னமாகக் கசிந்தது. ஓரத்து மேசையில் ஒரு கிளார்க் அம்மா, கழுத்தில் ஸ்டாப்வாட்ச் தொங்க உட்கார்ந்திருந்தார். நான் வணக்கம் சொன்ன நேரத்தைக்கூட அளந்திருப்பார் என்று நினைக்கிறேன்.

"இது அனாதை மெட்டு" என்றார் துணை ஆணையர், ரிசீவரைக் காதிலிருந்து எடுக்காமலே. "உரிமையாளர் தெரியாத மெட்டுக்கெல்லாம் சட்டப்படி கழகம்தான் அப்பா, அம்மா. எங்ககிட்ட பதினாலாயிரம் மெட்டு இருக்கு. இன்னிக்கு வரைக்கும் ஒண்ணைக்கூட வெளிய விட்டதில்ல."

"அப்ப நீங்களே அனுமதி குடுத்துடலாமே சார்?"

"வளர்ப்பு அப்பா எப்படிக் குடுக்க முடியும்? பெத்த அப்பா வந்து குடுக்கணும்."

"பெத்தவருதான் சார் அந்தப் படத்துல இருக்காரு."

"அதை அவரு சொல்லணும். வாயால, தெளிவா. படிவம் பதினேழு, வாய்மொழி உரிமைகோரல்."

"அவருக்குப் பேச வராது சார். பக்கவாதம்."

"எழுதித் தரட்டும்."

"வலது கை வராது. தலையாட்டச் சொன்னா ஆட்டுவாரு."

"தலை ஃபேன் காத்துலகூட ஆடும். அதையெல்லாம் ஏத்துக்கிட்டா கழகம் எதுக்கு? பேச்சு வந்ததும் கூட்டிட்டு வாங்க, நாங்க எங்கயும் போயிட மாட்டோம்."

"பேச்சு வரணும்னா அந்த மெட்டைப் பாடித்தான் சார் வரணும்."

"அனுமதியில்லாம பாடக் கூடாதே" என்றார். குரலில் உண்மையான வருத்தம் இருந்தது.

போனில் நீங்களே அதைப் போடுகிறீர்களே என்று கேட்டேன். "அது எங்க புள்ள, எங்க வீட்டுக்குள்ள விளையாடுது" என்றார். பிறகு கொஞ்சம் நெகிழ்ந்து, தன்னைப் பற்றிச் சொன்னார். "இருபத்தாறு வருஷ சர்வீஸ். ஒரு பாட்டை முழுசாக் கேட்டதில்ல. கேட்டா பிடிச்சுப்போயிடும். பிடிச்சுப்போனா பாரபட்சம் வந்துடும். எங்க தலைவருக்குக் காதே சரியாக் கேட்காது. அதனாலதான் அவரு தலைவர். இசையைக் காப்பாத்தணும்னா அதுகிட்ட இருந்து தள்ளி நிக்கணும், புரியுதா?"

புரிந்தது என்று சொல்லிவிட்டேன். அதற்குள் கிளார்க் அம்மா நான் கொண்டுபோன ஒப்பந்தத்தின் ஒவ்வொரு பக்கத்திலும் முத்திரை குத்தி நீட்டினார். துணை ஆணையர் மணமகள் அலங்காரத்தின் பக்கத்தில் 'பார்வையிட்டு ஏற்கப்பட்டது' என்று கையெழுத்துப் போட்டார். அடுத்தடுத்த பக்கங்களிலும் போட்டார். கையெழுத்து முத்து முத்தாக இருந்தது.

விளக்கம் கேட்டதோடு அவர்கள் நிற்கவில்லை. மூன்றாம் நாள் கிளார்க் அம்மா ஸ்டாப்வாட்சோடு மையத்துக்கே வந்து, வாசலோர நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். பயிற்சி என்ற பெயரில் தினமும் மெட்டு கடத்தப்படுவதாகக் கழகத்துக்குச் சந்தேகம். டீச்சரிடம் ஒரு சுற்றறிக்கையும் கொடுத்தார். எந்த மெட்டிலும் முதல் இரண்டு ஸ்வரம் வரை இலவசம், மூன்றாவதிலிருந்து அனுமதி வேண்டும் என்று அதில் இருந்தது.

"தண்ணி கேக்கலாம்மா, ரெண்டுதான்" என்றார் கிளார்க் அம்மா. "தலைவலின்னு பாடினா நாலாயிடும்."

"தலை வலிச்சா அவங்க என்ன பண்ணுவாங்க?" என்றார் டீச்சர்.

கிளார்க் அம்மா யோசித்தார். கெட்ட மனுஷி இல்லை, நிஜமாகவே யோசித்தார். "நோவுன்னு சொல்லலாம். ரெண்டுதான் வருது."

அனுமதி தேவைப்படாத மெட்டுகளின் பட்டியலும் சுற்றறிக்கையில் இணைக்கப்பட்டிருந்தது. மூன்று மெட்டுகள். லிஃப்ட் கதவு மூடும் ஓசை, வண்டி பின்னால் வரும்போது அடிக்கும் ஒலி, மூன்றாவது பரிசீலனையில். டீச்சர் மனம் தளராமல் ஒரு வாரம் வண்டி ரிவர்ஸ் எடுக்கும் ஒலியை வைத்துப் பயிற்சி கொடுத்துப் பார்த்தார். நோயாளிகள் வார்த்தை சொல்வதற்குப் பதில் பின்னால் திரும்பிப் பார்த்தார்கள். பெரியவர் வாயைத் திறக்கவேயில்லை. இரண்டு நாள் "தண்ணி"யும் போய்விட்டது. அந்தப் படிவத்தில் அந்தக் கட்டத்தை நிரப்பியவன் நான். மகளின் முகத்தைப் பார்க்க எனக்குக் கூசியது.

பொதுக்குழுவுக்கு நான்கு நாள் இருக்கும்போது கழகம் எங்களை விசாரணைக்கு அழைத்தது. நீண்ட மேசை, ஐந்து கண்ணாடி டம்ளர். தலைவர் நாற்காலி காலி. துணை ஆணையர் ஒரு தாளைப் பார்த்து வாசித்தார்.

"ஆட்சேபத்துக்குரிய இம்மெட்டு யாருடையது? ஆம், இல்லை என்னும் விடைகள் ஏற்கப்படா."

பெரியவர் அவரைப் பார்த்தார். பிறகு ஹம்மிங் செய்தார். அவருக்குத் தெரிந்த பதில் அது ஒன்றுதான்.

"பதினோரு விநாடி" என்றார் கிளார்க் அம்மா.

"விசாரணை அறையிலேயே மீறல்" என்றார் துணை ஆணையர். "கேள்வியை மறுபடி வாசிக்கிறேன்."

மறுபடி வாசித்தார். பெரியவர் மறுபடி ஹம்மிங் செய்தார். இந்தத் தடவை இருபத்துமூன்று விநாடி. மகள் பொறுக்க முடியாமல் எழுந்துபோய் அப்பாவின் காலடியில் உட்கார்ந்தார். அவருடைய இடது கையைப் பிடித்து மேசை விளிம்பில் மெல்லத் தட்டிக்கொண்டே கூடச் சேர்ந்து ஹம்மிங் செய்தார். 'மீறியவர் இருவர்' என்று பேனா எழுதும் சத்தம் கேட்டது. பெரியவரின் கழுத்து நரம்பு புடைத்தது. வாய் ஒரு பக்கமாகக் கோணியது. மெட்டின் வாலைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாக, அது வந்தது.

"என்... னோ... ட... து."

மகள் அப்பாவின் முட்டியில் முகத்தைப் புதைத்துக்கொண்டார். டீச்சர் கைதட்டப்போய், சுவரில் 'சீட்டியடிக்காதீர்' பலகையைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

துணை ஆணையர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"தெளிவாத்தான் சொன்னாரு. அதுல ஒண்ணும் குறை சொல்ல முடியாது. ஆனா பாட்டாச் சொல்லிட்டாரே. படிவம் பதினேழு வாய்மொழிக்கு உள்ளது. இது பாடல்மொழி." கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "அதோட, அனாதை மெட்டுக்கு அனுமதியில்லாம புதுசா வரி எழுதினதாவும் ஆகுது. அது தனி வழக்கு."

"ஏன் சார், உங்களுக்கெல்லாம் மனசுல ஈரமே இல்லையா?" என்று கேட்டார் மகள்.

"ஆஃபீஸ்ல ஈரம் ஆகாதும்மா. ஃபைலெல்லாம் பாழாப்போயிடும்" என்றார் அவர், மிகவும் பணிவாக.

கடைசியில் அவர்களாகவே ஒரு சலுகை தந்தார்கள். படத்தைத் திரையிடலாம். அந்த நாற்பது விநாடிக்கு மட்டும் ஒலி இருக்கக் கூடாது. முடிவில் வரும் "தண்ணி" இரண்டு ஸ்வரம் என்பதால் இருக்கலாம். திரையிடலைத் துணை ஆணையரும் கிளார்க் அம்மாவும் நேரில் கண்காணிப்பார்கள். நான் வீட்டுக்கு வந்து சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து அந்த நாற்பது விநாடியை ஊமையாக்கினேன். தொழிலுக்கு வந்து இத்தனை வருடத்தில் அவ்வளவு கேவலமான ஒரு வெட்டு நான் வெட்டியதில்லை. ஹம்மிங்கை எடுத்துவிட்டால் அங்கே என்ன இருக்கிறது? ஒரு நோயாளி மேசையைத் தட்டுகிறார், பிறகு தண்ணீர் கேட்கிறார். அதைப் பார்த்து யார் காரை வெளியே நிறுத்தப் போகிறார்கள்?

பொதுக்குழு அன்று மண்டபத்தில் நோயாளிகள், அவர்கள் வீட்டார், முன்வரிசையில் ஒன்பது அறங்காவலர்கள். அறக்கட்டளைத் தலைவர் கார் சாவியை விரலில் சுழற்றிக்கொண்டிருந்தார். கழகத்தார் ஓரமாக உட்கார்ந்தார்கள். பெரியவருக்கும் மகளுக்கும் முதல் வரிசையில் இடம் கொடுத்திருந்தார்கள். என் மனைவி லீவு போட்டுவிட்டு வந்திருந்தாள், கைப்பையில் ஒப்பந்தத்தோடு. அது எதற்கு என்று நான் கேட்கவில்லை.

எட்டாவது நிமிடம் அந்த இடம் வந்தது. திரையில் சத்தம் நின்றது. பெரியவரின் தொண்டை மட்டும் ஏறி இறங்கியது. இடது விரல் மேசையைத் தட்டியது. நான் குனிந்து என் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

யார் ஆரம்பித்தார்கள் என்று இன்றுவரை தெரியாது. மனைவி அறக்கட்டளைத் தலைவர்தான் என்கிறாள். எனக்கு மனைவிமேல்தான் சந்தேகம். அந்த ஊமை விரல் தட்டிய தாளத்துக்கு எங்கோ ஒருவர் மெல்ல ஹம்மிங் செய்தார். பக்கத்தில் இன்னொருவர் பிடித்துக்கொண்டார். நோயாளிகளுக்கு அந்த மெட்டு பயிற்சி அறையில் கேட்டுப் பழக்கம். மற்றவர்களுக்கு எப்படித் தெரியும் என்று ஒரு விநாடி திகைத்தேன். பிறகு புரிந்தது. மண்டபம் வைத்திருக்கிறவர், கடை வைத்திருக்கிறவர், வீட்டு விசேஷத்தில் பாட்டுப் போட்டவர் என்று அங்கே இருந்த எல்லோருமே வாழ்க்கையில் ஒரு முறையாவது கழகத்துக்கு போன் செய்து காத்திருந்தவர்கள். மண்டபத்து உரிமத்துக்காக அறக்கட்டளைத் தலைவர் இரண்டு வருடமாகக் காத்திருக்கிறார். எல்லோருக்கும் அது மனப்பாடம். நாற்பது விநாடியும் ஒரு ஸ்வரம் பிசகாமல் மண்டபமே ஹம்மிங் செய்தது. பெரியவர் கஷ்டப்பட்டுத் திரும்பி, தன் மெட்டு வரும் திசைகளையெல்லாம் பார்த்தார்.

"தண்ணி" என்றது திரை.

அறக்கட்டளைத் தலைவர் எழுந்தார். மேசைமேல் இருந்த ஜாடியிலிருந்து ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றி, தானே கொண்டுபோய்ப் பெரியவரின் இடது கையில் கொடுத்தார். அவர் குடித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றார். பிறகு மற்ற அறங்காவலர்களைப் பார்த்து, "அந்த ரெண்டு ரூம் அப்படியே இருக்கட்டும். நான் காரைத் தெருவுல நிறுத்திக்கறேன்" என்றார். சாவி பைக்குள் போனது. மற்றவர்களும் தலையாட்டினார்கள்.

"நிறுத்துங்க!" துணை ஆணையர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். "இது கூட்டு மீறல். இதுக்கு முழுப் பொறுப்பு வீடியோக்காரர்!"

மனைவி கைப்பையைத் திறந்தாள். "பதினொண்ணாவது விதி சார். 'மண்டபத்தில் கூடியிருப்போர் தாமாகப் பாடினாலும், ஆடினாலும், சீட்டியடித்தாலும் ஒளிப்பதிவாளர் பொறுப்பல்ல.' ஏத்துக்கிட்டதா பக்கத்துலயே உங்க கையெழுத்து இருக்கு. அழகான கையெழுத்து."

அவர் வாங்கிப் படித்தார். மறுபடி படித்தார். அந்தக் காகிதத்தை அவர் படித்தது அதுதான் முதல் முறை என்று நினைக்கிறேன். நானும் அந்த விதியை அன்றைக்குத்தான் மதிப்போடு பார்த்தேன்.

ஆனால் கழகத்தில் இருபத்தாறு வருடம் குப்பை கொட்டியவர் அவ்வளவு எளிதில் விட்டுவிடுவாரா? "சரி. அப்ப மீறினவங்க ஒவ்வொருத்தரும் தனித்தனியாப் பொறுப்பு" என்று சொல்லிவிட்டு, விரலை நீட்டி வரிசை வரிசையாகத் தலைகளை எண்ணத் தொடங்கினார். டீச்சரை எண்ணினார், அறங்காவலர்களை எண்ணினார், பெரியவரைக் குனிந்து பார்த்து எண்ணினார். என்னையும் என் மனைவியையும் கடைசியில் சேர்த்துக்கொண்டார்.

"மொத்தம் நாப்பத்தொண்ணு. எழுதிக்கோங்கம்மா."

கிளார்க் அம்மா ஸ்டாப்வாட்சைப் பார்த்தார், குறிப்பேட்டைப் பார்த்தார்.

"நாப்பத்திரெண்டு சார். நீங்க பத்தொன்பதாவது விநாடியில சேந்துக்கிட்டீங்க."